காணும் கண்ணும் காக்கும் கையும்



கடைவீதியில் நடந்து செல்லும்போது நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மளிகைக் கடையாயினும் நகைக் கடையாயினும், மருந்துக் கடையாயினும் துணிக் கடையாயினும், வாயிலின் மேலிருந்து ஒரு சிறு கண் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ‘நீங்கள் கண்காணிப்புக் காமிராவின் பார்வையில் இருக்கிறீர்கள்’ என்று ஓர் அறிவிப்பும் அதன் அருகே தொங்குகிறது. இந்தக் கருவி எவ்வாறு வேலை செய்கிறது? வணிகரின் உடைமையை அது எந்த அளவுக்குக் காக்கும்? எந்த அளவுக்கு மேல் காக்காது? அதை வைத்துக்கொள்பவருக்கு உரிய பொறுப்புகள் யாவை? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

உடைமையைக் காக்கும் கவலை இன்று நேற்றுப் பிறந்தது அன்று. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள், புகார் நகரத்தில் இருந்த வெள்ளிடை மன்றம் என்னும் ஓரிடத்தைக் கூறுகிறார். பெயரும் அளவும் எழுதப்பெற்ற பண்டப் பொதிகள் அங்கே காவலின்றிக் கிடக்கும். எவனேனும் திருட முயன்றால், அந்தப் பொதியைத் தலையில் சுமந்தபடியே அவன் சுற்றிச் சுற்றி வருவான். எடுத்துக்கொண்டு போக முடியாது. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரோ வேறொரு காட்சியைக் காட்டுகிறார். திருடரின் சூழ்ச்சிகளை நன்கு அறிந்த ஊர்க்காவலர், மழை பொழியும் நள்ளிரவிலும் சோர்வின்றி மதுரைத் தெருக்களில் திரிகின்றனர்.

இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் இடமே தன்னைக் காத்துக்கொள்கிறது. மனிதனுக்கு வேலை இல்லை. மற்றொன்றில் மனிதன் உறக்கத்தைத் துறந்து காக்கிறான். இன்றைய வணிகர் பலர் காமிராவை வாங்கிச் சுவரில் பொருத்தியவுடன், தம் கடை வெள்ளிடை மன்றம் ஆகிவிட்டது என்று எண்ணி நிம்மதியாக உறங்கச் செல்கின்றனர். அது தவறு. காமிரா மதுரைக் காவலருக்குக் கிடைத்த ஒரு கூடுதல் கண். காவலருக்கு மாற்று அன்று. நான் இன்று சொல்லப்போவதன் சாரம் இவ்வளவே. காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் இந்தக் கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைவில் நடப்பதை ஒரு கம்பியின் வழியாகத் திரையில் காணும் முறையை, 1942-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேனமுண்டேயில் வால்டர் புருக் என்னும் பொறியாளர் அமைத்தார். ஏவுகணைகள் புறப்படுவதை அருகில் நின்று பார்ப்பது உயிருக்கு ஆபத்து. ஆகவே பாதுகாப்பான தொலைவிலிருந்து காண இந்த முறை பயன்பட்டது. பின்னர், அமெரிக்காவில் நியூயார்க் நகரில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர், வாயிலில் நிற்பவரை வீட்டுக்குள் இருந்தபடியே தொலைக்காட்சித் திரையில் காணும் அமைப்பைத் தம் கணவரோடு சேர்ந்து உருவாக்கினார். அதற்கு 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது. இரவில் தனித்திருக்கும் ஒரு பெண்ணின் அச்சம் இந்தப் புதுமைக்குத் தூண்டுகோலாயிற்று.

இணையத்தோடு காமிரா சேர்ந்த கதை சுவையானது. 1991-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வகத்தில் பலருக்கும் பொதுவாக ஒரே ஒரு காப்பிப் பாத்திரம் இருந்தது. மாடிப்படி ஏறி இறங்கிச் சென்று பார்த்தால், பல வேளைகளில் பாத்திரம் காலியாக இருக்கும். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க ஆய்வாளர்கள் பாத்திரத்துக்கு எதிரே ஒரு காமிராவை வைத்தனர். தத்தம் கணினித் திரையிலேயே காப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டனர். 1993-இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. உலகெங்கும் உள்ளவர்கள் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தனர். 2001-இல் அந்தக் காமிரா நிறுத்தப்பட்டது.

நேரடியாக வலைப்பின்னலில் இணைத்து விற்பனைக்கு வந்த முதற் காமிராவை, 1996-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் லுண்ட் நகரைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம் வெளியிட்டது. தெளிவு குறைந்த படமாயின் வினாடிக்கு ஒன்று. தெளிவு மிகுந்த படமாயின் பதினேழு வினாடிக்கு ஒன்று. அன்று அதன் ஆற்றல் அவ்வளவே. பதினேழு வினாடிகளில் ஒரு திருடன் உள்ளே வந்து கல்லாப்பெட்டியைத் திறந்து வெளியே போய்விடலாம் அல்லவா? இன்று சிறு கடையில் உள்ள காமிராவும் வினாடிக்கு இருபத்தைந்து படங்களைத் தெளிவாக அனுப்புகிறது.

பழைய காமிராவுக்கும் வலைப்பின்னல் காமிராவுக்கும் உள்ள வேறுபாடு யாது? பழையது தான் கண்ட காட்சியை மின்னலையாக ஒரு தனிக் கம்பியில் அனுப்பும். அந்தக் கம்பி சென்று சேரும் பெட்டியில்தான் படம் தெரியும். வலைப்பின்னல் காமிராவோ தானே ஒரு சிறு கணினி. அது காட்சியை எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களைச் சுருக்குகிறது. பொதிகளாகக் கட்டி முகவரி எழுதி அனுப்புகிறது. வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல ஒவ்வொரு காமிராவுக்கும் வலைப்பின்னலில் ஓர் எண் உண்டு. எனவே, கும்பகோணத்தில் உள்ள கடையை அதன் உரிமையாளர் சிங்கப்பூரில் இருந்தபடியே தம் கைப்பேசியில் காண முடிகிறது. காட்சியும் மின்சாரமும் ஒரே கம்பியில் செல்வதற்கான பொதுநெறி 2003-இல் வகுக்கப்பட்டது. நூறு மீட்டர்த் தொலைவு வரை அந்த ஒரு கம்பியே போதும்.

காட்சியைச் சுருக்குவது எவ்வாறு? ஆளில்லாத கடையின் உட்புறத்தை எண்ணிப் பாருங்கள். சுவரும் அலமாரியும் ஒரு வினாடிக்கும் மறு வினாடிக்கும் மாறுவதில்லை. மாறாததைத் திரும்பத் திரும்ப ஏன் அனுப்ப வேண்டும்? ஒருமுறை முழுப்படத்தை அனுப்பிவிட்டு, பிறகு மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதுமல்லவா? 2003-இல் வெளிவந்த எச்.264 என்னும் சுருக்கும் முறையின் அடிப்படைக் கருத்து இதுவே.

சுருக்கிய பின்னரும் சேமிக்க வேண்டிய அளவு சிறிதன்று. நான் கணக்கு வாத்தியாராகவும் இருந்தவன். ஆகவே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு காமிரா வினாடிக்கு நாற்பது இலட்சம் பிட் அனுப்புகிறது என்று கொள்வோம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே வினாடிக்கு ஐந்து இலட்சம் பைட். ஒரு நாளில் 86,400 வினாடிகள். பெருக்கினால் நாளொன்றுக்கு 43.2 ஜிகாபைட் வருகிறது. முப்பது நாளுக்கு 1,296 ஜிகாபைட். எட்டுக் காமிராக்கள் உள்ள கடைக்கு ஒரு மாதப் பதிவைச் சேமிக்கப் பத்து டெராபைட்டுக்கும் மேல் இடம் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் சிறிய சேமிப்பு வட்டை வாங்கியவரின் கடையில், இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு எழுதப்பட்டுவிடும். சென்ற மாதத்து இருப்பில் குறை கண்டு தேடினால், நான்கு நாள் பதிவு மட்டுமே எஞ்சியிருக்கும்.

மற்றொரு கணக்கும் உண்டு. கண்காணிப்பு அமைப்புகளுக்கான பன்னாட்டுத் தர நெறியொன்று, காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை படப்புள்ளிகள் விழ வேண்டும் என்பதைக் கூறுகிறது. ஆள் ஒருவர் வந்திருக்கிறார் என்று அறிய 25 புள்ளிகள் போதும். முன்பே அறிந்தவரை ‘இவர் இன்னார்’ என்று கண்டுகொள்ள 125 வேண்டும். முன்பின் அறியாதவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும். 1,920 புள்ளி அகலமுள்ள ஒரு காமிராவை எடுத்துக்கொள்வோம். 1,920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.68. அதாவது, அந்தக் காமிரா காட்டும் காட்சி ஏழரை மீட்டர் அகலத்துக்குள் இருந்தால்தான் அயலான் ஒருவனின் முகத்தை உறுதியாக அடையாளம் காட்டும். அதே காமிராவை உயரத்தில் ஏற்றி, தெரு முழுவதும் தெரியட்டும் என்று வைத்தால் எல்லாம் தெரியும். யார் என்பது மட்டும் தெரியாது. தலைக்கு மேலிருந்து நோக்கும் காமிரா உச்சந்தலையைத்தான் காட்டும். வாயிலை நோக்கி உள்ளிருந்து பார்க்கும் காமிரா, வெளியிலுள்ள வெயிலின் கூச்சத்தால் முகத்தைக் கருநிழலாகக் காட்டும். எனவே எத்தனை காமிராக்கள் என்பது பெரிதன்று. எந்த இடத்தில், எந்த வினாவுக்கு விடை தேடி வைக்கிறோம் என்பதே பெரிது. வாயிலில் முகம் தெரிய ஒன்று. கல்லாவில் கை தெரிய ஒன்று. கிடங்கில் நடமாட்டம் தெரிய ஒன்று. இவ்வாறு நோக்கம் அறிந்து வைப்பதே முறை.

இவ்வளவும் சரியாக அமைந்தால் கடை காக்கப்பட்டுவிட்டதா? நம் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் விடியுமுன், திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு பெரிய நகைக் கடையின் சுவரில் துளையிட்டு இருவர் உள்ளே புகுந்தனர். ஏறத்தாழ பதின்மூன்று கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகள் களவு போயின. அந்தக் கடையில் காமிராக்கள் இருந்தன. அவை நன்றாகவே வேலை செய்தன. இருவரும் நகைகளை அள்ளுவதை அவை ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தன. ஆனால் இருவரும் பொம்மை முகமூடி அணிந்திருந்தனர். மோப்ப நாய்க்கு வழி தெரியாதபடி மிளகாய்ப் பொடியும் தூவிச் சென்றனர். காலையில் கடையைத் திறந்த பிறகுதான் களவு வெளிப்பட்டது.

பின்னர் என்ன நடந்தது? ஒரு நாள் கழித்துத் திருவாரூரில் இரவில் வாகனச் சோதனையில் ஈடுபட்டிருந்த காவலர்கள், இருசக்கர வண்டியில் வந்த இருவரை நிறுத்தினர். ஒருவன் தப்பி ஓடினான். மற்றவன் நகைப்பையோடு பிடிபட்டான். வழக்கு அங்கிருந்தே துலங்கியது. முகமூடி காமிராவை ஏமாற்றியது. சாலையில் விழித்து நின்ற காவலரை ஏமாற்ற முடியவில்லை. மாங்குடி மருதனார் காட்டிய காவலரின் வழித்தோன்றல்கள் அவர்கள் என்று சொன்னால் பிழையாகாது.

இந்த நிகழ்ச்சியைக் கூறிக் காமிராவே பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2019-இல் எரிக் பிசா, பிராண்டன் வெல்ஷ் முதலிய குற்றவியல் அறிஞர் நால்வர், நாற்பது ஆண்டுக் காலத்தில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். காமிரா வைத்த இடங்களில், வைக்காத ஒத்த இடங்களைக் காட்டிலும் குற்றம் ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்திருக்கக் கண்டனர். வாகனம் நிறுத்தும் இடங்களில் பயன் மிகுதி. மற்றொன்றும் கண்டனர்: பதிவு செய்வதோடு நின்றுவிடாமல், ஒருவர் அமர்ந்து திரையைக் கவனித்து வந்த இடங்களில் பயன் அதிகம், காமிராவோடு வேறு பாதுகாப்பு முறைகளும் சேர்ந்த இடங்களில் பயன் இன்னும் அதிகம். தேர்வுக் கூடத்தில் மேற்பார்வையாளரின் நாற்காலி இருந்தால் மட்டும் போதாது. அதில் ஆசிரியர் இருக்க வேண்டும். இருப்பவர் விழித்திருக்கவும் வேண்டும். மாணவர்களாகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை!

காமிரா சாட்சி சொல்லும். ஆனால் அந்தச் சாட்சியை எவ்வாறு விசாரிப்பது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் எங்கள் ஊரில் வண்ணப்பூச்சும் இரும்புச் சாமானும் விற்கும் கடை வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை அவர் என்னிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

“ஐயா, நம்ப முடியவில்லை. ஐந்து ஆண்டுகளாக என்னிடம் வேலை செய்யும் பையன். கடை சாத்துவது ஒன்பது மணிக்கு. ஒன்பது நாற்பதுக்குக் கிடங்கிலிருந்து நான்கு பெயின்ட் டப்பாக்களை எடுத்துக்கொண்டு போகிறான். காமிராவில் தெளிவாகத் தெரிகிறது. நாளைக் காலையில் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன்” என்றார்.

“அந்தப் பையன் என்ன சொல்கிறான், தம்பி?” என்று கேட்டேன்.

“வாடிக்கையாளருக்காக எடுத்துக் கொடுத்தேன் என்கிறான். ஒன்பது நாற்பதுக்கு ஏது, ஐயா, வாடிக்கையாளர்?”

இருவரும் கடைக்குச் சென்றோம். பதிவுப் பெட்டியின் திரையில் அப்போது என்ன மணி காட்டுகிறது என்று பார்க்கச் சொன்னேன். அது எட்டே கால் என்றது. என் கைக்கடிகாரம் ஏழரை என்றது. பெட்டி நாற்பத்தைந்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் பையன் டப்பாக்களை எடுத்தது எட்டு ஐம்பத்தைந்துக்கு. அந்த நாளின் விற்பனைச் சீட்டுகளைப் புரட்டினோம். எட்டு ஐம்பத்தெட்டுக்கு நான்கு டப்பா பெயின்ட் விற்றதற்கு உரிய சீட்டு இருந்தது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தப் பையனை அழைத்து, எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார். மின்தடைக்குப் பின் பெட்டியின் கடிகாரத்தை யாரோ குத்துமதிப்பாகத் திருத்தி வைத்திருந்தனர் என்பது பின்னர்த் தெரிந்தது.

மாணவர்களே, இதை நன்றாக மனத்தில் இருத்துங்கள். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தின் மூலையில் இருந்த மணி பொய் சொன்னது. ஓர் ஏழைப் பையனின் நற்பெயர் நாற்பத்தைந்து நிமிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வலைப்பின்னலில் உள்ள கருவிகள் நேரம் காட்டும் சேவையகத்தோடு தம் கடிகாரத்தைத் தாமே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வழி உண்டு. அதை அமைத்து வைப்பது சில நிமிட வேலை. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முறையான சான்றிதழும் வேண்டும் என்கிறது. பதிவு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் கணக்கீட்டு எண்ணையும் அந்தச் சான்றிதழில் குறிக்க வேண்டும். சட்டம் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, கடையில் அமர்ந்து ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டுபவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

இனி மற்றொரு பெரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். காவலுக்கு வைத்த கருவியே கள்வனுக்கு வாயில் ஆகலாம். வலைப்பின்னல் காமிரா ஒரு சிறு கணினி என்று முன்பே சொன்னேன். கணினியாயின் அதற்குள் நுழையவும் முடியும். பல காமிராக்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்லோடு வந்தன. ‘அட்மின்’ என்பதோ, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்பதோ அந்தச் சொல்லாக இருக்கும். வாங்கியவர்கள் மாற்றவில்லை. ஊரில் உள்ள எல்லா வீட்டுப் பூட்டுக்கும் ஒரே சாவி என்றால் அதற்குப் பூட்டு என்று பெயர் தகுமா?

2016-ஆம் ஆண்டில் அமெரிக்க இளைஞர் மூவர் ‘மிராய்’ என்னும் தீய நிரல் ஒன்றை ஆக்கினர். அது இணையம் முழுவதும் அலைந்து, காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் திசைவிகளையும் தேடியது. ஏறத்தாழ அறுபது தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. அவ்வளவுதான், இலட்சக்கணக்கான கருவிகள் அதற்கு அடிமையாயின. பிறகு அந்த நிரல் வெளியிடப்பட்டுப் பலர் கைக்கும் போயிற்று. 2016 அக்டோபர் 21 அன்று, அவ்வாறு அடிமையான கருவிகள் எல்லாம் ஒரே வேளையில் டைன் என்னும் நிறுவனத்தின் சேவையகங்களைத் தாக்கின. இணையப் பெயர்களுக்கு உரிய எண் முகவரிகளை எடுத்துச் சொல்வது அந்த நிறுவனத்தின் பணி. அது திணறியதால் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பெருந்தளங்கள் அமெரிக்காவில் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமற்போயின. கல்லாப்பெட்டியைக் காக்கச் சுவரில் ஏற்றிய கண், தன் எசமானர் அறியாமலே உலகின் மறுகோடியில் கொள்ளைக்குத் துணை போயிற்று. நிரலை ஆக்கிய மூவரும் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அப்போது மூவரும் இருபது வயதை ஒட்டியவர்களே. அறிவு இருந்தது, அதைச் செலுத்த நெறி இல்லை.

2021 மார்ச்சில் வேறொன்று நடந்தது. பல நிறுவனங்களின் காமிராக் காட்சிகளைத் தன் சேவையகங்கள் வழியே நிருவகித்து வந்த வெர்க்கடா என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குள் சிலர் நுழைந்தனர். தலைமை நிருவாகிக்கு உரிய கணக்கின் விவரங்கள் இணையத்தில் வெளிப்பட்டுக் கிடந்தனவாம். அந்த ஒரு சாவியைக் கொண்டு, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் காமிராக்களின் காட்சிகளைக் காணும் வழி தங்களுக்குக் கிடைத்தது என்று அவர்கள் கூறினர். தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், சிறைச்சாலைகள், பள்ளிகள் எல்லாம் அவற்றுள் அடங்கும். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் நோயாளியை முன்பின் தெரியாத ஒருவன் எங்கோ இருந்து பார்க்கிறான் என்றால், அந்தக் காமிரா யாரைக் காத்தது?

அரசுகள் இப்போது விழித்துக்கொண்டுள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரி முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாக் கருவிக்கும் ஒரே எளிய கடவுச்சொல் வைத்து விற்பதைச் சட்டம் தடுக்கிறது. நம் இந்திய அரசும் 2024-இல் ஆணை பிறப்பித்து, கண்காணிப்புக் காமிராக்களின் பாதுகாப்பைச் சோதித்த பின்னரே அவற்றை விற்க வேண்டும் என்று விதித்தது. அந்த விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் சட்டம் கடைவாயில் வரைதான் வரும். உள்ளே செய்ய வேண்டியவற்றை உரிமையாளரே செய்ய வேண்டும்.

அவை யாவை? கருவியைப் பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்; நீண்டதாக, பிறர் ஊகிக்க முடியாததாக வைக்க வேண்டும். பொருத்த வந்த பணியாளரிடமே அது நிலையாகத் தங்கிவிடக் கூடாது. உற்பத்தி செய்தவர் வெளியிடும் திருத்த மென்பொருளை அவ்வப்போது ஏற்ற வேண்டும்; திருத்தம் வெளியிடுவதை நிறுத்திவிட்ட பழைய கருவிக்கு ஓய்வு தர வேண்டும். காமிராக்களுக்கு உரிய வலைப்பின்னலைக் கணக்கு எழுதும் கணினியிலிருந்தும், வாடிக்கையாளருக்குத் தரும் வைஃபையிலிருந்தும் பிரித்து வைக்க வேண்டும். பதிவுப் பெட்டியைக் கல்லாவின் அடியில் எல்லாரும் காண வைப்பது கூடாது. திருடன் போகும்போது அதையும் தூக்கிச் சென்றால் சாட்சியே களவு போய்விடும். பூட்டிய வேறோர் அறையில் அதை வைத்து, முதன்மையான பதிவுகளின் படியை வேறிடத்திலும் சேமிக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் இயங்க மின்கல ஏற்பாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல பூட்டு, உறுதியான கதவு, போதிய விளக்கு, நம்பத்தக்க இரவுக் காவலர், அண்டைக் கடைக்காரரின் நட்பு ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது.

இறுதியாக ஒன்று. காமிரா திருடனை மட்டும் பார்ப்பதில்லை. நாள் முழுவதும் அது பார்ப்பது பெரும்பாலும் நல்லவர்களை: அரிசி வாங்க வரும் தாயை, நாள் முழுவதும் நின்று துணி மடிக்கும் பெண்ணை, மூட்டை சுமக்கும் தொழிலாளியை, மிட்டாய்க்கு ஆசைப்பட்டு நிற்கும் குழந்தையை. அவர்களுக்கும் மானம் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனிமனிதரின் தரவுகளைக் காக்கும் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. உடை மாற்றும் அறையிலும் கழிவறையிலும் காமிரா வைப்பது பாதுகாப்பு அன்று, தண்டனைக்குரிய இழிசெயல். அங்கன்றி வேறிடங்களிலும், வைத்திருக்கிறோம் என்பதை எல்லாரும் அறிய எழுதி வைக்க வேண்டும். பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்று வரையறை வேண்டும். வேடிக்கைக்காகப் பிறருக்குப் பகிர்வது பெருந்தவறு. தொழிலாளி தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தையெல்லாம் திரையில் கணக்கெடுக்கும் முதலாளி தம் கடையைக் காக்கவில்லை; கடையில் இருந்த நம்பிக்கையை இழக்கிறார். நம்பிக்கை போன இடத்தில் எத்தனை காமிராக்களை மாட்டினாலும் களவு குறையாது.

கல்லூரியில் பயிலும் இளைஞர்களே, உங்களுள் சிலர் நாளை இந்தக் கருவிகளை வடிவமைப்பீர்கள், சிலர் விற்பீர்கள், சிலர் உங்கள் கடையிலும் அலுவலகத்திலும் பொருத்துவீர்கள், பலர் அவற்றின் பார்வையில் வேலை செய்வீர்கள். எந்த நிலையில் இருந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுங்கள். இந்தக் கண் எதைக் காண வைக்கப்பட்டது? இது கண்டதைக் கேட்டு எழுந்து ஓடி வருபவர் யார்? இந்தக் கண்ணையே காப்பவர் யார்? மூன்றுக்கும் விடை இருந்தால் அந்தக் காமிரா கடைக்குத் துணை. ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் அது சுவரில் மாட்டிய அணிகலன். சில வேளைகளில் திறந்து கிடக்கும் சாளரம்.

இன்று வீட்டுக்குச் சென்றதும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் தந்தையாரின் கடையிலோ, தெருமுனையில் உள்ள தெரிந்தவரின் கடையிலோ காமிரா இருந்தால், அதன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். அது என்ன சொல் என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் படித்த படிப்பு உங்கள் ஊருக்கு அன்றே பயன்பட்டதாகும்.